"யார் வீட்டுப் பொண்ணு?"



பெண்ணாக இருப்பதும் சாதியும் சேர்ந்து ஒருவருக்கு என்ன தருகிறது, எதைப் பறிக்கிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். திண்டுக்கல்லில் பேசுவதால் இங்குள்ள மில்களிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆய்வுக்காக வேடசந்தூர் பக்கம் மில் கேட்டில் போய் நின்றால் வாட்ச்மேன் கேட்பது, "எந்த ஊரும்மா, யார் வீட்டுப் பொண்ணு?" ஊரையும் அப்பா பேரையும் சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். அப்புறம் நாற்காலி வரும், டீ வரும். அதே கேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணின் பையைத் திறக்கச் சொல்வார்கள். இருவரும் பெண்கள்தான்.

என் வீட்டில் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. யாரோடு போனில் பேசுகிறாய், முப்பது தாண்டியும் ஏன் கல்யாணம் வேண்டாம் என்கிறாய், எல்லாம் உண்டு. இது எதற்காக என்று அம்பேத்கர் 1916இலேயே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கிவிட்டார். சாதி நிற்பது அகமணத்தின் மேல். அகமணம் நிற்பது பெண்ணைக் கட்டுப்படுத்துவதன் மேல். அதாவது என் வீட்டார் காவல் காப்பது என்னையல்ல, சாதியையும் நிலத்தையும். ஆனால் அந்தக் காவலில் எனக்கு ஒரு லாபமும் இருக்கிறது. என்மீது வெளியாள் கை வைத்தால் ஊரே திரளும். நான் கேட்டு வாங்கியதல்ல, வேண்டாமென்றாலும் போகாது. காலனிப் பெண்ணுக்கு ஒன்று நடந்தால் அதே ஊர், "அவ என்ன பண்ணுனாளோ" என்று கேட்கும்.

2021 ஜனவரியில் இந்த மாவட்டத்தின் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். தொல்லை பல மாதங்களாக நடந்ததென்று குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அது பெண் என்பதால் நடந்ததா, தலித் என்பதால் நடந்ததா? இப்படிப் பிரித்துக் கேட்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ்மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் போட்ட வழக்கில், 1976இல் நீதிமன்றம் இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் சேர்த்துப் பார்க்க மறுத்தது. கம்பெனிதான் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே! எடுத்தது வெள்ளைப் பெண்களை. கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வழக்கைத்தான் எடுத்துக்கொண்டார். நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதே 1989தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டம் தனி. தலித் பெண் எந்தக் கதவைத் தட்டுவது?

2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தம் முக்கியமாவது இதனால்தான். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் நிறுவனத்தையும் எச் அண்ட் எம்மையும் கையெழுத்திட வைத்தது. பிறகு கேப்பும் பி.வி.எச்.சும் வந்தன. பாலின வன்முறையும் சாதிப் பாகுபாடும் அதில் ஒரே ஒப்பந்தத்துக்குள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற தொழிலாளர்களே தளத்தில் கண்காணிக்க அது வகை செய்தது. ஆலை வாக்கை மீறினால் பிராண்டுகள் வியாபாரத்தில் கை வைத்தாக வேண்டும் என்றது. நல்ல மனசை நம்பி எழுதியதல்ல. சலுகை உள்ளவர்கள் மனம் மாறட்டும் என்று அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. இது எனக்கும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் நான் கறுத்த தோல் பெண். இனவெறி பற்றிப் பேசினால் கைதட்டுவார்கள், நான் பாதிக்கப்பட்டவள். என் சாதி அங்கே யாருக்கும் தெரியாது, அரங்கில் இருக்கும் தமிழர்களைத் தவிர. அவர்களும் டீ இடைவேளையில் கேட்பார்கள், "திண்டுக்கல்ல எந்த ஊரு?" 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது "இங்கே ஏது சாதி" என்று கொதித்தவர்கள் யாரென்று பார்த்தோமே!

இன்னும் நிறைய எழுதி வைத்திருக்கிறேன், கட்டுரையாகத் தருகிறேன். அடுத்துப் பேசவிருக்கும் தோழர் மில்லில் வேலை செய்பவர். நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேள்விகளை முதலில் அவரிடம் கேளுங்கள். நான் கடைசி வரை இங்கேதான் இருப்பேன்.