எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

கல்லூரி உதவித்தொகைக்கு எப்போது தயாராவது? பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது தாமதம். ஆடியில் விதைக்காமல் தையில் அறுக்க முடியுமா?

எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எட்டாம் வகுப்பில் எழுதுவது என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாதம் 1000 ரூபாய். அதற்காகத் திறக்கும் வங்கிக் கணக்கு கல்லூரிக் காலத்திலும் கைகொடுக்கும்.

சான்றிதழ்கள் வாங்கவும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். போளூருக்கு மேலே, ஜவ்வாது மலையில் பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகான படிப்புக்கு அவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்றிதழ் இல்லாமல் அது கிடைக்காது. பழங்குடியினர் சான்றிதழைத் தருபவர் தாசில்தார் அல்ல, வருவாய் கோட்டாட்சியர். விசாரணை முடிய நாளாகும். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவேட்டில் வேறு இனிஷியல் என்றால் அதைத் திருத்தவும் அலைய வேண்டும். ஒரு எழுத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கலாமா? நிற்கவே கூடாது.

எட்டாம் வகுப்பிலேயே தொடங்கினால் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. வீட்டில் எட்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்கே ஆதாரையும் பள்ளிப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.