கடற்காற்றிற் கலந்த புகை



கப்பலின் புகை கடலோடு போயிற்று என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். போயிற்றா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இலங்கையின் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனைக்கு அப்பாலிருந்து சுமாத்திராவை நோக்கிக் கப்பல்கள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டிற் செல்கின்றன. செய்மதி பதிந்த தரவுகளில் ஜேர்மனிய ஆராய்ச்சியாளர் அக்கோட்டைக் கண்டு 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் கண்டது கப்பல்களையன்று, அவை கக்கிய நைதரசனீரொட்சைட்டு வாயுவை. எஞ்சினின் கடும் வெப்பத்திற் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் கூடுவதால் வருவது அது. வாடைக்காலத்தில் அக்கோடு தெற்கே விலகும். கச்சான்காலத்தில் வடக்கே விலகும். அவ்விலகலைக் கொண்டே வாயுவின் ஆயுளையும் கணித்துவிட்டனர்: ஏறத்தாழ 4 மணித்தியாலம்! நாம் செங்கலடியிற் பஸ் ஏறிக் கொழும்பு சேருமுன் அதன் கதை முடிந்துவிடும்.

முடிந்து என்னவாகிறது? பகலில், சூரியவொளியின் துணையால் உண்டாகும் ஐதரொட்சில் அதனைப் பற்றி நைத்திரிக்கமிலமாக்குகிறது. அலை நுரைத்து உடையும்போது காற்றில் ஏறும் உப்புத்துகள்கள் அவ்வமில ஆவியை ஏற்றுக்கொள்கின்றன. நமது கறியுப்பாகிய சோடியங்குளோரைட்டு அங்கே சோடியநைத்திரேற்றாகி, தன் குளோரீனை ஐதரோகுளோரிக்கமில ஆவியாக விட்டுவிடுகிறது. இரவிலோ வழி வேறு. ஓசோனோடு தாக்கமுற்று வேறு ஒட்சைட்டுகளாகி உப்பின்மேற் படிய, நைத்திரைல் குளோரைட்டு என்னும் வாயு எழும். காலைக் கதிர் அதைப் பிளந்ததும் குளோரீன் அணு வெளிப்பட்டுப் புதிய தாக்கங்களைத் தொடக்கிவைக்கும். கருவாட்டைக் கெடாமற் காக்கும் உப்புக்கு இப்படியும் ஒரு வேலை!

நமது வயல்களுக்கும் இதிற் பங்குண்டு. நீர் நிற்கும் வயலில் எறிந்த யூரியாவில் ஒரு பகுதி அமோனியாவாக எழுந்து போகும்; எறிந்தவரின் காசும் அதனோடு போகும். அந்த அமோனியா நைத்திரிக்கமிலத்தோடு கூடினால் மிக நுண்ணிய துகளாகி நெடுந்தூரம் செல்லும். கடலுப்பில் ஏறிய நைத்திரேற்றோ பருமனான துகளிலிருப்பதால் விரைவிற் கடலில் விழும்.

விழுந்தது பாசிக்கு உரம். மீன் பெருகுமே, கேடென்ன என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு நியாயமே. ஆயினும் வங்காள விரிகுடாவில், சுமார் 100 மீற்றர் ஆழத்தின் கீழ், ஒட்சிசன் இப்பொழுதே அற்பம். மேலே பெருகிய பாசி மடிந்து கீழிறங்கி அழுகினால் அந்த அற்பமும் செலவாகும். ஆழ்கடற்குச் செல்லும் நம் மீனவர் தேடும் சூரைமீன் அத்தகைய நீரில் தங்காது.

சட்டம் இல்லாமலில்லை. வட அமெரிக்கக் கரையோரத்தில், 2016 முதல் கட்டப்பட்ட கப்பல்கள் இவ்வொட்சைட்டுகளை மிகக் குறைத்தே வெளிவிடவேண்டும்; பால்டிக்குக் கடலிலும் வடகடலிலும், 2021 முதல் கட்டப்பட்டவற்றுக்கு அதே விதி. அக்கப்பல்களே தெய்வேந்திரமுனையைக் கடக்கும்போது அக்கடும் விதி அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை.