குருத்தோலையும் வைக்கோற் குடிலும்



1656 ஆம் ஆண்டிலே கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அச்சமயத்தின் ஆராதனையையும் தடைசெய்துவிட, ஏறக்குறைய முப்பது வருஷகாலம் அந்த விசுவாசம் வீடுகளுக்குள்ளேயே ஜீவித்திருந்தது என்பது, கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மாதா சுரூபங்களைக் கண்டு பழகிய நமக்கு எளிதில் ஞாபகம் வராத சரித்திரம். 1687 இல் வேஷம் மாறி வந்திறங்கிய கோவாவைச் சேர்ந்த குருவாகிய ஜோசப் வாஸ் அடிகளார் இரவிலே வீடுகளில் பூசை நிறைவேற்றினார். அவருக்குப்பின் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரோ, தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றிக் கொடுத்தார். குரு போக இயலாத வீட்டுக்குள்ளும் புத்தகம் போய்விடுமல்லவா! அவருடைய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலத்தில் இன்றும் வாசிக்கப்படுகிறது.

வீடுகளுக்குள்ளே ஜீவித்த அந்த விசுவாசம் இன்றும் வீட்டு வழக்கங்களிலே தெரிகிறது. குருத்தோலை ஞாயிறன்று, ஆலயத்தில் மந்திரிக்கப்பட்ட தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்து வீட்டுப் பீடத்தில் வைக்கிறார்கள். காய்ந்து பழுப்பேறிய அவ்வோலைகளே மறுவருஷம் எரிக்கப்பட்டு, விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலாகின்றன. மார்கழியிலே வைக்கோலும் வர்ணக் காகிதமும், சிரட்டையில் முளைக்கவைத்த பயறும் கிறிஸ்து பிறப்புக் குடிலாகும். புறக்கோட்டையில் விற்கும் பிளாஸ்டிக் குடில்கள் வெள்ளவத்தை மாடிவீடுகளுக்கு வசதியானவையே. ஆயினும் பயற்றுக்குத் தினமும் தண்ணீர் தெளித்த பிள்ளையின் காத்திருப்பு அவற்றிலே கிடையாது. ஐப்பசியில் செபமாலை வீடுவீடாகச் செல்லும். முடிவில், அவித்த கடலையும் தேநீரும் தவறுவதில்லை.