இன்னாரின் தாயே!



2009 ஒக்டோபரில் பம்பலப்பிட்டிக் கடலில் மனநோயுற்ற ஒரு வாலிபர் தடியால் தாக்கப்பட்டு மூழ்கி மரணித்தது பெற்றோருக்கு நினைவிருக்கும். அவர் வாகனங்களுக்குக் கல்லெறிந்திருந்தார். நீரில் நின்று கைகூப்பிக் கெஞ்சினார். கரையில் நின்றோர் பார்த்துக்கொண்டிருந்தனர். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கைதானார்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலும் 1987இல் கத்தியுடன் நின்ற மனநோயாளி ஒருவரைப் பொலிஸார் சுட்டுக்கொன்றனர். ஆனால் அந்நகரம் வாளாவிருக்கவில்லை. 1988இல் தாமாக முன்வந்த பொலிஸாருக்கு 40 மணிநேரப் பயிற்சியொன்றை ஆரம்பித்தது. அவசரப்படாது, தாழ்ந்த குரலில் பேசி, அவர் சொல்வதைச் செவிமடுப்பதே அங்கு கற்பிக்கப்படுவது.

சித்தம் சற்றுக் குழம்பிய ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தனக்கொரு தேவை உண்டு என்றார். நபியவர்கள் அவரை 'இன்னாரின் தாயே' என மரியாதையாக விளித்து, எந்தத் தெருவில் பேசுவது என்பதை அவரது விருப்பத்திற்கே விட்டார்கள். அவரது தேவை நிறைவேறும்வரை அவருடன் நின்றார்கள். இது முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது.

நம் பொலிஸாருக்கும் இத்தகைய பயிற்சியைக் கோருவோம். எனினும், நோயுற்ற பிள்ளையை 'ஜின் பிடித்துவிட்டது' எனக் கூறி அறையில் பூட்டும் நமக்கு யார் பயிற்சியளிப்பது? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை இன்றே வீட்டில் எழுதி வையுங்கள்.