தலையெழுத்தா, கற்பிக்கும் முறையா?



கல்வியைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். நாமோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டோம். பிறகு கைக்குக் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்து கொண்டதுதான் நமது யோக்கியதை. ஆகையால் நாம் சொல்வதை உங்கள் புத்தியைக் கொண்டு சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் ஒப்புக் கொள்ளுங்கள்.

நாம் ஏன் நின்றோம்? ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும்போது தடுக்கி விழுந்தோம். உபாத்தியாயர் பிரம்பால் நாலு கொடுத்து, "உன் மண்டையில் ஏறாது, அது உன் தலையெழுத்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நம் தகப்பனாரும் அதை நம்பினார், நாமும் நம்பினோம். பிறகு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சோப்புக் கட்டிகளை வரிசைக்கு ஏழாக அடுக்கி எண்ணினோம். ஒரே வாரத்தில் ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது! மண்டை அதே மண்டைதான். மாறியது எது? கற்றுக் கொண்ட முறைதானே?

முறை என்பது பெரிய மந்திரமல்ல. 1789 முதல் 1796 வரை சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதையே தம் விடுதியிலும் கைக்கொண்டு, முன்னே கற்ற பிள்ளையைக் கொண்டு பின்னே வரும் பிள்ளைக்குக் கற்பிக்கச் செய்தார். இங்கிலாந்தில் அது "மதராஸ் முறை" என்ற பெயரோடு பரவிற்று.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக் கொள்வோர் உண்டு. ஆனால், அந்த மணலில் எத்தனை பேருடைய பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்? 1826-ல் கவர்னர் மன்றோ தந்த கணக்குப்படி இம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள். அவற்றில் படித்தவர் 67 பேருக்கு ஒருவர். பெண்பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஆதித்திராவிடர் பிள்ளைக்கோ திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. மணல் பொதுவாய்த்தான் கிடந்தது. உட்காரும் இடந்தான் பொதுவாயில்லை.

நிற்க, கதவு தானாகத் திறக்கவில்லை. 1920-ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டது. 1953-ல் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. மக்கள் எதிர்த்ததால் 1954-ல் ஒழிந்தது. 1956-ல் காமராசர் பகலுணவை நாடெங்கும் பரப்பினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பசித்த வயிற்றுக்கு எந்தப் பாடமும் ஏறாதாகையால், சோறும் கற்பிக்கும் முறையில் சேர்ந்ததுதான். 2010 முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை கல்வி சட்டப்படி உரிமையாகவும் ஆகிவிட்டது.

ஆனால் கதவைத் திறந்துவிட்டால் போதுமா? அந்தச் சட்டப்படியே 60 பிள்ளைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர் இருந்தால் போதும். வகுப்போ ஐந்து! ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக் கொண்டிருப்பார்கள். பார்த்து எழுதுவது படிப்பாகுமா? பணக்காரன் பிள்ளை அந்தக் குறையை டியூஷனில் தீர்த்துக் கொள்கிறது. கூலிக்காரன் பிள்ளைக்கு அது "தலையெழுத்து" ஆகிவிடுகிறது.

இதற்கு வழியில்லாமலில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்பதைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் தரையில் வட்டமாய் உட்கார்ந்து, அட்டைகளைக் கொண்டு, அவரவர் வேகத்தில் கற்பது அம்முறை. பிறகு அது நாடெங்கும் பரவிற்று. அதிலும் குறை சொன்னவர்கள் உண்டு. குறை கண்டால் மாற்ற வேண்டியதுதான். முறை என்பது மாற்றக் கூடியது, தலையெழுத்து என்பதுதான் மாற்றக் கூடாததென்று சொல்லப்படுகிறது. அதனால்தான் சோம்பேறிக்கும் சுயநலக்காரனுக்கும் தலையெழுத்து பிடிக்கிறது.

தோழர்களே! வீட்டுக் கதை என்ன? மகன் விளக்கடியில் புத்தகத்தோடு. மகள் அடுப்படியில் பாத்திரத்தோடு. பிறகு "அவளுக்குப் படிப்பு வரவில்லை" என்கிறோம். இந்தக் கூட்டத்திலேயே அப்படிச் சொல்லி மகளை நிறுத்தியவர் இருக்கலாம். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. நம் தகப்பனாரும் அப்படித்தான் ஏமாந்தார். நாளைக் காலையில் அவளைத் திரும்ப அனுப்புங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

கடைசியாக, சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள் இருக்க வேண்டுமென்று சட்டமே சொல்கிறது. பிள்ளையை அடிக்கக் கூடாதென்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே அக்குழுவில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை வகுப்புக்கு எத்தனை உபாத்தியாயர், பின் தங்கிய பிள்ளைக்கு என்ன வழி செய்திருக்கிறீர்கள், வராத பிள்ளை ஏன் வரவில்லை என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள். நம் தகப்பனார் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாம் எட்டாவதோடு நின்றிருக்க மாட்டோம்.