சிறிய காருக்குப் பெரிய மூச்சு

நாம் குடியேறி வாழும் பெங்களூர், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில் அமைந்தது. இங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 1983-இல் வெளிவந்த மாருதி 800 போன்ற சிறு கார்களின் எஞ்சின் மேட்டில் ஏறுகையில் சற்றே மூச்சிரைக்கிறது.

இக்குறையைத் தீர்க்க வல்லது டர்போசார்ஜர். 1918-இலேயே அமெரிக்காவில் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சியில் விமான எஞ்சினைக் கொண்டு இதனைச் சோதித்தனர். வீணே வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு இணைந்த மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுள் செலுத்துகிறது.

காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதல் வேண்டும். குறைந்தால் எஞ்சினுள் தட்டல் தோன்றிப் பிஸ்டன் உருகவும் கூடும். அளந்து ஊட்டும் இப்பணிக்குக் கார்புரேட்டரினும் இன்ஜெக்ஷன் முறையே ஏற்றது. மாருதி 800-உம் 2000-இல் அம்முறையைப் பெற்றது.

ஜே.சி. சாலைக் கடைகளில் தேடி வாங்கினால் உதிரி உறுப்புகளின் செலவு சுருங்கும். ஆனால் எண்ணெய், குளிர்ச்சி, பிரேக் ஆகிய மூன்றிலும் சிக்கனம் ஆகாது. விரைவைக் கூட்டியவர் நிறுத்தும் ஆற்றலையும் கூட்டுதல் கடன்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. தயாரித்தோர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுதலை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆதலின் பட்டறைகளில் தொழில் பயிலும் நம் இளைஞர், இத்திறமையை இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் காட்டுவாராக. பிள்ளைகள் நடமாடும் தெருவில் அன்று.