மாவலி வரும் நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

யாழ்ப்பாணத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கல்வி கற்கச் சென்ற நாங்கள் மூவரும் அங்கே கண்டவற்றைச் சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். கண்டவை பல. அவற்றுள் ஓணப் பண்டிகை ஒன்றைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றோம். பிறர் வீட்டுப் பண்டிகையாகிய அது, நம் வீட்டுப் பொங்கலைப் பற்றி எங்களை மிகவும் சிந்திக்கச் செய்தது.

ஓணம் கேரள மக்களின் அறுவடைத் திருநாள். நமது ஆவணியை அவர்கள் சிங்க மாதம் என்பர். அம்மாதத்து அத்த நட்சத்திரத்தில் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் முற்றத்திலே பூக்கோலம் இடுவர். முதல் நாள் சிறிதாயிருக்கும் கோலம் நாளுக்கு நாள் வட்டம் வட்டமாக விரியும். எத்தனை வண்ணப் பூக்கள் இருந்தாலும் தும்பைப் பூவுக்கு அதில் தனி இடம் உண்டு. அடைமழை ஓய்ந்து, வெயில் எறித்து, முதற்போக நெல் முற்றும் காலம் அது.

இவ்விழா நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக் காஞ்சியிலே, மாயோனுக்குரிய ஓண நாள் விழா மதுரை மாநகரில் நிகழ்ந்த செய்தி வருகின்றது.

மாவலியின் கதையைப் பெரியோர்கள் நன்கு அறிவீர்கள். மூவடி மண் கேட்ட வாமனருக்கு மூன்றாம் அடிக்குத் தன் தலையையே கொடுத்தவன் அவன். அவனைச் சுதலத்துக்கு அனுப்பிய பெருமாளே அவனுக்கு வாயிற்காவலராய் நின்றார் என்று பாகவதம் கூறும். கேரள மக்களோ அக்கதைக்கு மேலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வர். தன் குடிகளை ஆண்டுக்கொருமுறை கண்டு போக வேண்டும் என்று மாவலி வரம் பெற்றானாம். அவன் வரும் நாளே திருவோணம். எறணாகுளத்துக்கு அண்மையில் திருக்காக்கரையிலே வாமனருக்குக் கோயில் உண்டு. களிமண்ணாற் செய்த திருக்காக்கரையப்பனைப் பூக்கோலத்தில் வைத்து வணங்குவோர், அதே முற்றத்தில் மாவலியையும் எதிர்பார்த்திருப்பர். அடக்கிய கடவுளுக்கும் அடங்கிய மன்னனுக்கும் ஒரே முற்றத்தில் இடம் இருக்கின்றது.

நாங்கள் அங்கு கண்ட முதல் ஓணம் 2018 ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு ஆவணி பிறந்தபோது கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். அரசு தனது ஓண விழாக்களை நிறுத்தி, அதற்குரிய பணத்தை நிவாரணத்துக்குத் திருப்பியது. திருவனந்தபுரம், கொல்லம் கரைகளிலிருந்து மீனவர்கள் தம் வள்ளங்களை லொறிகளில் ஏற்றிச் சென்று, வீடுகளின் கூரைகளிலே தவித்தவர்களை மீட்டனர். அம்மீனவருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களுமாவர். எவருடைய சமயத்தையும் கேட்டு அவர்கள் வள்ளத்தில் ஏற்றவில்லை. நாங்களும் சக மாணவரோடு சேர்ந்து அரிசியும் போர்வையும் பொதி செய்தோம். ஆகஸ்ட் 25 ஆம் திகதி திருவோணம் வந்தது. முகாம்களில் இருந்தவர்கள் கிடைத்த பூவைக் கொண்டு கோலமிட்டு, அயலவரோடு ஒரே பந்தியில் இருந்து உண்டனர். முகாம் வாழ்வை அறிந்த நம்மவர்க்கு அதன் பொருளை நாங்கள் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு ஓணத்துக்குப் பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்த நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். வாசலில் நின்ற அவருடைய பாட்டி எங்களை "மோனே" என்று அழைத்தார். அன்று எங்களுக்கு வீட்டு நினைவு வந்தது. நம் ஊர்க் கிழவிகள் அழைப்பதும் அவ்வாறன்றோ! பேசுவதைப் 'பறைதல்' என்று நம் முதியோர் சொல்வர். அங்கும் அதுவே சொல். பிட்டும் இடியப்பமும் அங்கும் உண்டு. நீற்றுப் பூசணியைத் தேங்காய்ப் பாலில் இட்டுச் சமைக்கும் ஓலன் என்னும் கறி, நமது பாற்கறிக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

வீட்டுக்கு மூத்தவர் எல்லோர்க்கும் புத்தாடை வழங்கினார். எங்கள் மூவர்க்கும் ஒவ்வொரு வேட்டி கிடைத்தது. நண்பகலில் நிலவிளக்கின் முன் விநாயகருக்கு முதல் இலை வைத்தார்கள். பின்னர் நிலத்திலே பாய் விரித்து எல்லோரும் வரிசையாய் இருந்தோம். மட்டை அரிசிச் சோறு, பருப்பும் நெய்யும், அவியல், காளன், எரிசேரி, புளியிஞ்சி, நேந்திரங்காய் வறுவல், பப்படம், பிரதமன் என்று இலை நிறைந்தது. அயல் வீட்டு முஸ்லிம் பிள்ளைகளும் எங்களோடு இருந்து உண்டனர். வயலில் வேலை செய்பவர் எங்கள் பக்கத்து இலையில் இருந்தார். வளைகுடா நாட்டில் தொழில் செய்யும் மகன் முதல் நாள் இரவுதான் வந்திருந்தார். "மாவலியை யார் கண்டார், மோனே? ஊர்விட்டுப் போனவன் வாசலுக்கு வருகிறானே, அவனைத்தான் நாங்கள் காண்கிறோம்" என்று பாட்டி சொன்ன சொல் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. பிள்ளைகள் பல நாடுகளுக்கும் போய்விட்ட நம் ஊர் வீடுகளை அப்போது நினைத்துக்கொண்டோம்.

மாலையில் வயல் வரம்பிலே நடந்தபோது நண்பர் வேறொரு செய்தி கூறினார். 1970களின் நடுப்பகுதியில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேயரில் நெல் விளைந்தது. பின்னர் அது 2 இலட்சம் ஹெக்டேயர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயல்களைத் தென்னையும் இரப்பரும் வீடுகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய வயல்களைக் காப்பதற்கென்றே 2008 ஆம் ஆண்டில் அரசு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்று ஓணக் கோலத்துக்குப் பூக்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையிலிருந்து போகின்றன. காய்கறிகள் ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து போகின்றன. அறுவடைத் திருநாள் இருக்கின்றது. அறுவடையோ குறைந்துகொண்டே போகின்றது. "இன்னும் ஐம்பது ஆண்டு சென்றபின் எங்கள் பிள்ளைகள் கடையில் வாங்கிய அரிசிக்கு ஓணம் கொண்டாடுவார்கள்" என்று நண்பர் வருந்திச் சொன்னார். அவருக்கு நாங்கள் விடை கூறவில்லை. நம் வீட்டுப் பொங்கற் பானையில் விழும் அரிசி எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வி எங்கள் மனத்தில் எழுந்துவிட்டது.

கேரளக் கோயில்களில் புதுக்கதிரைக் கொண்டுவந்து பூசித்து வீடுகளுக்கு வழங்கும் நிறைபுத்தரி என்ற சடங்கு உண்டு. புத்தரி என்பது புது அரிசி. தைப்பூசத்தன்று நாம் புதிர் எடுக்கின்றோமே, அதன் உறவே இது. ஆனால் இங்குள்ள இளைஞருள் எத்தனை பேர் புதிர் எடுப்பதைக் கண்ணாற் கண்டிருக்கின்றீர்கள்? பொங்கலன்று வெடி கொளுத்துகின்றோம், புத்தாடை அணிகின்றோம். நெற்கதிரைக் கையால் தொட்டவர் நம்முள் சிலரே.

ஆகவே இளைஞர்களே, எங்கள் வேண்டுகோள் இரண்டு. வரும் தையிலே சங்கத்தின் பொங்கற் பானைக்கு நம் ஊர் வயலில் விளைந்த நெல்லையே தேடிப் பெறுவோம். அறுவடைக்கு ஒரு நாள் அவ்வயலில் இறங்கி வேலையும் செய்வோம். போரினால் தரிசாய்க் கிடந்து மீண்டும் உழப்பட்ட வயல்கள் நம்மிடையே உள்ளன. அவற்றின் சொந்தக்காரர்க்கு நம் கைகள் பெருந்துணையாகும். இரண்டாவது, அன்று பொங்கும் பொங்கலை நமக்குள் மட்டும் பங்கிட்டுக்கொள்ளாதிருப்போம். பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்திருக்கும் முதியோர் வீட்டுக்கும், வேற்றூரிலிருந்து இங்கு வந்து படிக்கும் மாணவர் அறைக்கும், பிற சமயத்து அயலவர் வாசலுக்கும் ஒரு பங்கு செல்லட்டும்.

பெரியோர்களே, புதிர் எடுக்கும் முறையை நீங்களே எங்களுக்குக் காட்டித்தர வேண்டும். அந்நிய நாட்டில் யாரென்று அறியாத எங்களுக்கு ஓர் ஏழை விவசாயி வீட்டில் இலை போட்டார்கள். அந்தக் கடனை நம் ஊர் முற்றத்தில் தீர்ப்பதே முறை என்று கூறி அமைகின்றோம்.